கதைத்துக்கொண்டே வந்து சேர்ந்த ஜெசிந்தா அக்கா

“அக்கா போயிட்டா” என்று ஜெசிந்தா அக்காவின் தங்கை தொலைபேசியில் சொன்னபோது நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். எங்கே என்று கேட்டேன். வேளாங்கண்ணிக்கோ ரோமுக்கோ ஆட்களைக் கூட்டிக்கொண்டு எந்நேரமும் பயணத்தில் இருந்தவர் அவர். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. கொழும்பு கொட்டாஞ்சேனை வீட்டில், காலைப் பூசைக்குப் புறப்படும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லையாம்.

வெள்ளவத்தையில் ஒரே பயண முகவர் நிலையத்தில் இருவரும் வேலை செய்தோம். நான் டிக்கெட் போடுவேன். அவர் யாத்திரிகர்களை அழைத்துப் போவார். அவரோடு போனவர்களுக்குத் தெரியும், விமானம் இறங்கியதும் பெட்டியைத் தேட விடமாட்டார். முதலில் எல்லோரும் வீட்டுக்குக் கதைக்க வேண்டும். சிம் வேலை செய்யாதவர்களுக்குத் தன் போனிலிருந்து இணையம் கொடுப்பார். “நாங்க இஞ்ச ஊர் பார்க்கிறம். அங்க ஒராள் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கும்” என்பார்.

ஒருமுறை திருச்சி பஸ் நிலையத்தில் அக்காவோடு வேளாங்கண்ணிக்குப் போன அந்தோனிப்பிள்ளை ஐயா கூட்டத்தைத் தவறவிட்டார். நீரிழிவுக்காரர். மருந்தும் பாஸ்போர்ட்டும் யாத்திரை பஸ்ஸில். ஒரு கைபேசிக் கடைக்காரர் இணைய இணைப்புக் கொடுக்க, ஐயா தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார்: மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். மகள் அந்த அழைப்போடேயே எங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். ஜெசிந்தா அக்காவையும் அதில் சேர்த்தோம்.

அக்கா பதறவில்லை. கடைக்காரரிடம் இடத்தைக் கேட்டறிந்தார். பிறகு, “ஐயா, போனை வைக்காதேங்கோ. நான் வாற மட்டும் என்னோட கதைச்சுக்கொண்டிருங்கோ” என்றார். மூச்சிரைக்க நடந்தபடியே, காலையில் என்ன சாப்பிட்டார், பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். ஐயா ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கினார். சற்று நேரத்தில் அவர் தோளில் ஒரு கை விழுவதைத் திரையில் பார்த்தோம். மகள் வெடித்து அழுது ஏசத் தொடங்கினாள். “அப்பாவை ஏசாதேங்கோ பிள்ளை. அவர் பயந்து முடிஞ்சுது” என்று அக்கா தடுத்துவிட்டார்.

காத்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும். ஒரே மகன் கப்பலில் வேலை. “கடலில இருக்கிறவனுக்குக் கரை வந்தாத்தான் அம்மா” என்று சிரிப்பார். மகன் அழைப்பு எடுக்கும் நாளில் மட்டும் எங்களுக்கெல்லாம் தேநீரோடு தின்னப் பற்றீஸ் வாங்கி வருவார். அடக்கத்தன்று அவன் கப்பல் நடுக்கடலில். அவன் சித்தி போனைச் சவப்பெட்டியருகே பிடித்திருக்க, படம் நின்று நின்று வந்தது. அவன் அம்மாவின் முகத்தை இன்னும் கிட்டக் காட்டச் சொன்னான், அவ்வளவுதான்.

அக்கா எந்த அழைப்பையும் தானாகத் துண்டித்ததில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “கதைச்சு முடிஞ்ச பிறகுதான் சில பேருக்குச் சொல்ல வந்தது வாயில வரும்” என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். போன கிழமை லண்டனிலிருந்து அண்ணா அழைப்பு எடுத்தார். எல்லாம் சுகம், வைக்கிறேன் என்றார். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கவில்லை.

“இஞ்ச கதைக்க ஒருத்தரும் இல்ல, தங்கச்சி” என்றார் அண்ணா.

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.