சிவப்பு லாரியின் வலது கை

பொன்னுதாஸ் அந்தச் சிவப்புப் பொம்மை லாரியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உள்ளங்கையை உள்ளங்கையால் துடைத்துக்கொள்வார். பிறகு லாரியைக் கவிழ்த்து, பின்சக்கரங்களுக்கு நடுவில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்புவார். டிக் என்று ஒரு சின்ன ஓசை. பின்பாகம் இரண்டாகப் பிரிந்து நீளும். முட்டி மடங்கும், பாதம் திரும்பும். அதோடு நிறுத்திவிடுவார். இடுப்புக்குக் கீழே மனிதன், மேலே லாரி. அப்படியே வைத்துக்கொண்டு வாசல் பக்கம் காதைக் கொடுப்பார். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, கால்கள் மறுபடி மடங்கிவிடும். ஷோகேஸின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு லாரி மட்டும் நிற்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் இப்படி இல்லை. குளத்தூரில் இதே வீட்டில் அவர் ஒற்றை ஆள். முன் அறை ஷோகேஸில் வண்டியாகவும் மடங்கும் பொம்மை ரோபோக்கள் எல்லாம் எழுந்து நின்றன. கார், ஜீப், விமானம், கிரேன் என்று எதுவாக வந்தாலும் அவர் கைபட்டால் மனித உருவெடுத்து நின்றுவிடும். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் பிள்ளைகள் வளர்ந்ததும் விற்றவை, போனில் ஒரு குழுவில் பேசி வாங்கியவை. சிவப்பு லாரிதான் முதலில் வந்தது. அமரவிளையில் அவர் வேலை பார்க்கும் டிங்கரிங் ஷெட்டுக்கு முன்பக்கம் நசுங்கி வந்த ஒரு காரின் இருக்கைக்கு அடியில் கிடந்தது. கார்க்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதன் வலது கை மட்டும் மூட்டில் நிற்காமல் தொங்கும். தகரம் என்றால் எவ்வளவு நசுங்கினாலும் பொன்னுதாஸ் தட்டித் தட்டி எடுத்துவிடுவார். பிளாஸ்டிக்கை என்ன செய்ய? அந்தக் கை தொங்கியபடியேதான் இருந்தது.

ஷெட்டில் கூட வேலை பார்க்கும் மனு ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டான். மறுநாள் காலையில் ஆரம்பித்தான்.

"அண்ணா, இந்த மாருதிய ஒண்ணு எழுப்பி நிறுத்துங்க. கஸ்டமர் வந்தா நடத்தியே வீட்டுக்குக் கொண்டு போவட்டு."

"வாய மூடிட்டு அந்தச் சுத்தியல எடுலே."

கேலி பரவாயில்லை. சிரித்துக்கொள்ளலாம். ஆனால் முதல் சம்பந்தம் அதில்தான் போயிற்று. வீடு பார்க்க வந்த பெண்ணின் மாமா ஷோகேஸுக்கு முன்னால் நின்று, சாயாவைக் குடித்து முடித்து, வெளியே இறங்கும்போது அந்தப் பொம்மைகளைக் குறித்து உரக்கவே சொன்னார்: "மாப்பிள்ளைக்கு இன்னும் களிப்பாட்டம் வச்சுக் களிக்கப் பிராயமாக்கும். கெட்டிக்குடுத்தா பிள்ளைய யாரு பாப்பா?"

அடுத்த சம்பந்தக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே அக்கா புஷ்பபாய் வந்துவிட்டாள். மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த அக்கா. வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"எல்லாத்தையும் சாக்குல கெட்டிக் கட்டிலுக்கு அடியில போடு தாசே."

"சாக்குல போட்டா ஒடிஞ்சு போவும்."

"எனக்க தம்பிக்க கல்யாணம் ஒடிஞ்சா பரவாயில்லையா?"

கடைசியில் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள். அவர் ஒவ்வொன்றாக மடக்கி வண்டியாக்கி வரிசையாக வைத்தார். வந்தவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே புஷ்பபாய் முந்திக்கொண்டாள்: "இதொக்க எனக்க மவன் அகிலுக்க வண்டியாக்கும். மாமன் வீடுன்னா அவனுக்கு உயிரு." வந்தவர்கள் சிரித்தார்கள். மருமகன்மேல் பாசமுள்ள மாப்பிள்ளை. சம்பந்தம் முடிந்தது.

ஜின்சி காரக்கோணத்துக்குப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேசமாட்டாள். கல்யாணம் முடிந்து வந்த மறுநாள் ஷோகேஸுக்கு முன்னால் நின்று, விரலால் கண்ணாடியைத் தொடாமல் தொட்டபடி கேட்டாள்.

"இதொக்க யாருக்கதாக்கும்?"

அக்கா பக்கத்தில் இல்லை. சம்பந்தக்காரர்கள் யாரும் இல்லை. எனக்குள்ளது என்று ஒரு சொல் போதும். ஆனால் முதல் சம்பந்தத்து மாமாவின் குரல் காதுக்குள் இருந்தது.

"அக்காக்க மவனுக்க," என்றார்.

அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க அவருக்கு நாள் கிடைக்காமல் இல்லை. எல்லா நாளும் கிடைத்தது. இன்று சொல்லிவிடலாம் என்று சைக்கிளை விட்டு இறங்குவார். அவள் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். சாப்பிட்டு முடித்துச் சொல்லலாம். சாப்பிட்டு முடித்ததும், இவ்வளவு நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றும். நாள் போகப்போக அந்தக் கேள்விதான் பெரிதாயிற்று. பொம்மை சின்னதாயிற்று.

ஒருதடவை அவள் ஷோகேஸைத் துடைத்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்களுக்கு இதொக்க எழுப்பி நிறுத்தத் தெரியுமா?"

"நமக்கு எங்க. அதொக்க பிள்ளைகளுக்குள்ள காரியம்."

அவள் துணியை உதறினாள். பிறகு சமையலறைக்குப் போனாள்.

இன்னொரு நாள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்து காப்பி குடிக்கும்போது, சபையிலுள்ள ஆனந்தபாய் ஷோகேஸைப் பார்த்து, "பிள்ள இல்லாத வீட்டுல இத்தன வண்டியா?" என்று கேட்டுவிட்டாள். பொன்னுதாஸ் தரையைப் பார்த்தார். ஜின்சி சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்க நாத்தனாருக்க மவனுக்குள்ளதாக்கும். அவன் வரும்பம் வேணுமில்லியா." தனக்காக அவள் ஒரு பொய்யைத் தெரியாமலே சுமக்கிறாளே என்று அவருக்கு இரவெல்லாம் வெட்கமாக இருந்தது.

அவளுக்கு மாறி மாறி டியூட்டி. பல பகல்களில் அவள் வீட்டில் இருப்பாள், அவர் ஷெட்டில் இருப்பார். ஒருநாள் சமையலறை ஜன்னலில் ஒரு நெயில்பாலிஷ் குப்பி இருந்தது, ரோஸ் நிறம். நர்ஸுகள் நகத்தில் எதுவும் பூசக்கூடாது. அவள் விரல்களில் அவர் ஒருபோதும் நிறம் கண்டதில்லை. கேட்டதற்கு, "பக்கத்து வீட்டு சுமிக்கதாக்கும். மறந்து வச்சிட்டுப் போயிட்டா," என்றாள். அதோடு அவரும் மறந்துவிட்டார்.

போன மழையில் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கட்டியது. ஜின்சி மண்வெட்டியால் ஓடை வெட்டிவிட்டாள். காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். காய்ச்சல் என்று படுத்தவளை எலிக்காய்ச்சல் என்று சொல்லித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். கண் மஞ்சளாகிவிட்டது. பார்க்க உள்ளே விட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் பொன்னுதாஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட அவள் காதருகே குனிந்தார்.

"ஜின்சி, உனக்க கிட்ட ஒரு காரியம் செல்லணும்."

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த நிலைமையில் எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை.

"வீட்டுக்கு வந்திட்டு செல்லுங்க," என்றாள். "ஷோகேசுக்கு முன்னால வச்சு."

காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தார். அவள் வீட்டுக்கு வந்தபோது, சவப்பெட்டியை வைக்க இடம் வேண்டுமென்று மனுவும் ஷெட்காரர்களும் அந்த ஷோகேஸைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யாரும் கேலி செய்யவில்லை. "பைய தூக்குங்கலே, பைய," என்று மனுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆட்கள் எல்லாம் போனபிறகு ஒரு மத்தியானம் அவர் சிவப்பு லாரியை எடுத்தார். உள்ளங்கையைத் துடைத்தார். கால்கள் வந்தன. வாசலில் எந்தச் சத்தமும் இல்லை. இனி இருக்கவும் போவதில்லை. அதனால் மேலே போனார். முன்பாகத்தைத் திருப்பி, தலையை எழுப்பி, இடது கையை இறக்கினார். வலது கையைத் தொங்கவிட வேண்டியதுதான் என்று விரலை எடுத்தார்.

கை தொங்கவில்லை. தூக்கிய இடத்திலேயே நின்றது.

வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். மூட்டுக் குமிழ் குழியில் உட்காரும் இடத்தில் ரோஸ் நிறத்தில் மெல்லிய ஒரு வளையம். ஒரே பூச்சு இல்லை. காயவிட்டு, மறுபடி பூசி, மறுபடி காயவிட்டிருக்கிறது. பிடிப்பு சரியாக வரும்வரை யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. தகர வேலைக்காரருக்கு அது தெரியாமல் இருக்குமா? அவர் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எழுப்பினார். கிரேனின் கழுத்தில் ரோஸ். விமானத்தின் இடுப்பில் ரோஸ். ஆடியது எதுவும் இப்போது ஆடவில்லை.

நினைவு ஜெபத்துக்குப் புஷ்பபாய் வந்தாள். முன் அறைக்குத் திரும்பியிருந்த ஷோகேஸில் ரோபோக்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். பொன்னுதாஸ் வளையத்தைக் காட்டினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகுதான் சொன்னாள்.

கல்யாணம் முடிந்த முதல் கிறிஸ்மசுக்கு ஜின்சி அவளுக்குப் போன் செய்திருக்கிறாள். அகிலுக்குப் பரிசாக அவனுடைய வண்டிகளையெல்லாம் பெட்டியில் அடுக்கிக் கொண்டு வரட்டுமா என்று. புஷ்பபாய் பதறிப்போய், "அய்யோ மக்கா, எடுத்துராத. அது எனக்க தம்பிக்க உயிராக்கும்," என்று வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். பிறகு ஜின்சி சொன்னாளாம்:

"நான் அறிஞ்சதா அவரிட்ட செல்லாதீங்க மைனி. அவராயிட்டு செல்லட்டு. நான் இஞ்சதானே இருப்பேன்."