டெல்மரின் நாலடிப் பெட்டி

நோரீனுக்கு இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் அவள் வீட்டுக்கு வராததற்குக் காரணம் மூட்டு. அடுத்த மூன்று வாரத்துக்குக் காரணம் அவள் புருஷன் டெல்மர்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உடம்பு குலுங்கக் கூடாது. எங்கள் மிசௌரிக் குன்றுப்பக்கத்தில் இது மருத்துவம் அல்ல, பேராசை. டெல்மரின் வீடு ரோட்டிலிருந்து கால் மைல் மேட்டில் இருக்கிறது. நடுவில் இருப்பது சரளைப் பாதை. ஏப்ரல் மழை பாதிச் சரளையை அடித்து ஓடைக்குக் கொண்டுபோய்விட்டது. மீதிப் பாதி குவியல் குவியலாக நிற்கிறது. வண்டித்தடம் இரண்டும் முழங்கால் ஆழம்.

ஆகவே நோரீன் டவுனில் தங்கை ஐலீன் வீட்டில் கிடந்தாள். அங்கே மூன்று பூனைகள். நோரீனுக்குப் பூனை மயிர் பட்டால் தும்மல். தும்மினால் இடுப்பில் உயிர் போகிற வலி.

"பாதையை மட்டமாக்கிட்டுக் கூப்பிடு டெல்மர்," என்றாள் போனில். "அதுக்கு முன்னாடி கூப்பிடாதே. உன் குரல் கேட்டாலும் தும்மல் வருது."

பாதையை மட்டமாக்க ஒரு பாக்ஸ் பிளேடு போதும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற, அடியும் முன்பக்கமும் இல்லாத இரும்புப் பெட்டி. அதன் பற்கள் மண்ணைக் கீறும், தகடு சுரண்டும், பெட்டிக்குள் சேரும் சரளை பள்ளம் வந்ததும் தானே இறங்கி நிரப்பும். டெல்மரிடம் இருபத்தைந்து குதிரைச் சக்தியில் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. பெட்டி இல்லை. வேறு யாராக இருந்தாலும் சனிக்கிழமை வாங்கி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்குள் வேலையை முடித்திருப்பார்கள்.

டெல்மர் தேர்வு செய்கிற மனிதர். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினார். ஒரு முறைகூட ஐந்து நிமிஷம் தாமதம் கிடையாது. அந்த வேகத்தையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டார் போலிருக்கிறது. வாசல் தபால் பெட்டியைத் தேர்வு செய்ய அவருக்கு இரண்டு வருஷம் ஆனது. அதுவரை தபால்காரி கடிதங்களை வேலிக்கம்பியில் செருகிவிட்டுப் போவாள். நாய் தேர்வு செய்யும்போது அவர் போட்ட பட்டியலைப் பார்த்து பயந்துபோய், நாய் விற்றவனே இரண்டாவது குட்டியைச் சும்மா கொடுத்துவிட்டான்.

காலை ஆறு மணிக்கு பெட்ரோல் பங்க் மூலை மேசையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவோம். காபியும், பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டி மேல் ஊற்றின வெள்ளைக் குழம்பும், பிறர் விவகாரமும் அங்கே சூடாகக் கிடைக்கும். டெல்மர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"நாலடியா, அஞ்சடியா?" என்றார்.

"அஞ்சு," என்றான் வெர்லின். ஆட்டுப்பண்ணைக்காரன். எதைக் கேட்டாலும் பெரியதைச் சொல்வான்.

"இருபத்தஞ்சு குதிரை இழுக்குமா?"

"இழுக்கலேன்னா நீ இறங்கித் தள்ளு."

"எடை எவ்வளவு இருக்கணும்? முந்நூறு பவுண்டுங்கறான் ஒருத்தன், ஐந்நூறுங்கறான் இன்னொருத்தன்."

"யாருய்யா அந்த ஒருத்தன்?"

"கம்ப்யூட்டர்ல. நாட்டோட அந்தக் கோடியில, ஓரிகன்ல இருக்கான்."

"ஓரிகன்காரனுக்கு உன் பாதையைப் பத்தி என்னய்யா தெரியும்?"

"போட்டோ அனுப்பியிருக்கேன்."

மூன்று வாரம் இதேதான். பல் நாலா ஐந்தா, பின் தகடு அசையலாமா கூடாதா, மூலைகளில் வெல்டிங் முழுசா பாதியா. நோட்டு நிரம்பி இரண்டாம் நோட்டு வந்தது. பாதையில் பள்ளம் நிரம்பவில்லை. இதற்கு நடுவே இன்னும் இரண்டு மழை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டெல்மர் வேலிக்கு இந்தப் பக்கம், களைச்செடிகளுக்கு நடுவே, ஒரு பாக்ஸ் பிளேடு நாலு வருஷமாகச் சும்மா கிடந்தது. அவர் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடித்தார். அது என்னுடையது.

பிறகென்ன, கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஊரில் அப்படி முடியாது. இன்னொருத்தன் கருவியை ஆண்பிள்ளை கடன் கேட்கமாட்டான். கேட்டால் தனக்கு வக்கில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கருவி வைத்திருப்பவன் தானாகப் போய்க் கொடுக்கவும் மாட்டான்; கொடுத்தால் எதிராளிக்கு வக்கில்லை என்று சொன்னதாகிவிடும். ஆகவே இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு வானிலை பேசினோம்.

"மழை வரும்போல," என்றார் அவர், என் பெட்டியைப் பார்த்தபடி.

"வரும்போலத்தான் இருக்கு," என்றேன் நான், அவர் பாதையைப் பார்த்தபடி.

கடைசியில் டெல்மர் முடிவெடுத்தார். டிராக்டரோடு வந்த கையேட்டில் பின்சக்கரங்களின் மொத்த அகலம் நாலடி என்று போட்டிருந்தது. பெட்டி டயர்த் தடத்தை மூடுகிற அளவு அகலமாக இருக்க வேண்டும், அதற்கு மேல் வேண்டாம் என்பது சட்டம். ஆகவே நாலடி. கடையில் ரோண்டா இருந்தாள், இருபது வருஷமாக டிராக்டர்க் கருவி விற்கிறவள்.

"டயரோட வெளி ஓரத்துலேருந்து வெளி ஓரம் வரைக்கும் அளந்தீங்களா?" என்று கேட்டாள்.

"புத்தகத்துல இருக்கு."

"புத்தகம் இருக்கட்டும். டேப் வச்சு அளந்தீங்களா?"

"இத பாரும்மா, உன்னை ஒண்ணாங் கிளாசுலேருந்து பஸ்ல ஏத்தி இறக்கினவன் நான்."

"ஏத்தினீங்க, சரி. அளந்தீங்களா?"

அவர் கையேட்டை அவள் மூக்குக்கு நேராக நீட்டினார். அவள் ரசீது எழுதினாள்.

புதன்கிழமை காலை பெட்டியை மாட்டினார். புதுப் பெயின்ட் ஆரஞ்சு நிறத்தில் பளபளத்தது. மேலிருந்து ரோடு வரை ஒரு இழுப்பு, திரும்ப ஒரு இழுப்பு. இப்படி நாலு மணி நேரம். பிறகு இறங்கிப் பார்த்தார். நானும் வேலியோரம் எனக்கு ஏதோ வேலை இருப்பதுபோல் போய் நின்றேன்.

பாதையின் நடுப்பாகம் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ஆனால் இரண்டு ஓரமும் பழைய பள்ளம் அப்படியே. பெட்டியின் இரு பக்கமும் டயர்கள் அரையடி வெளியே நீட்டிக்கொண்டு, அந்தப் பள்ளங்களுக்குள்ளேயே உருண்டு, இன்னும் ஆழமாக்கியிருந்தன. இனி எந்த வண்டி ஏறினாலும் அடிவயிறு நடுமேட்டில் இடிக்கும். மூன்று வார ஆராய்ச்சியில், மழையால் முடியாததை மனிதர் செய்து முடித்திருந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். போன இலையுதிர் காலத்தில் குளத்துச் சரிவில் அந்த டிராக்டர் சாயப் பார்த்தது. பயந்துபோய் பின்சக்கரங்களைக் கழற்றி இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிப் போட்டார். அப்படிப் போட்டால் சக்கரம் இரண்டு பக்கமும் அரையடி வெளியே தள்ளும், வண்டி அகலமாகும், சாயாது. "இப்ப அஞ்சடி நிக்குது பாரு!" என்று பெட்ரோல் பங்க் மேசையில் இரண்டு வாரம் பெருமையடித்தவர் அவரே. புத்தகத்தைத் திறந்ததும் மறந்துவிட்டார்.

அன்று மத்தியானம் நோரீன் அவருக்குப் போன் செய்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார், கை முழுக்க கிரீஸ்.

"முடிஞ்சுதா?"

"நடு... நடுப்பாகம் முடிஞ்சுது."

"டெல்மர், நான் நடுப்பாகத்துலயா வருவேன்? காருக்கு என்ன ஒத்தச் சக்கரமா?" ஒரு தும்மல். ஒரு முனகல். "டயரை அளந்தியா?"

டெல்மர் போய் டேப்பை எடுத்து அளந்தார். ஐந்தடி. டேப்பைச் சுருட்டினார். மறுபடி நீட்டி அளந்தார். ஐந்தடிதான். என் பக்கம் திரும்பாமல், "மழை வரும்போல," என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

பத்து நிமிஷம் கழித்து என் போன் அடித்தது. நோரீன்.

"உன் களைக்குள்ள கிடக்கே, அது எத்தனை அடி?"

"அஞ்சு."

"ஏன் களைக்குள்ள கிடக்கு?"

"என் டிராக்டர் நாலடி. இழுக்கமாட்டேங்குது. பெட்டி நிறைஞ்சதும் சக்கரம் சுத்திக்கிட்டே நிக்கும்."

"வாங்கறதுக்கு முன்னாடி நீ அளந்தியா?"

"வெர்லின் அஞ்சுன்னான்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆண் வர்க்கம் முழுவதையும் பொறுத்துக்கொள்கிற மூச்சு.

"கேளு. கடன் குடுக்கறதா யாரும் சொல்லவேண்டாம், வாங்கறதா யாரும் சொல்லவேண்டாம். இது மாத்து. அவன் நாலடி உனக்கு, உன் அஞ்சடி அவனுக்கு. புதுசைக் குடுத்து ஏமாந்துட்டோம்னு அவனுக்கு நினைப்பு வரும், அதனால உன் பழைய இழுவைச் சங்கிலியையும் சேர்த்துக் குடு. சனிக்கிழமை பத்து மணிக்கு ஐலீன் என்னைக் கூட்டிட்டு வர்றா. நான் மடியில காபி வச்சிக்கிட்டுத்தான் வருவேன்."

மாற்று என்றால் எங்கள் ஊரில் மானக்கேடு இல்லை. இரண்டு ஆம்பிளைகளும் தான்தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளலாம். டெல்மர் என் துருப்பிடித்த பெட்டியைச் சுற்றி வந்து, பற்களைத் தட்டி, வெல்டிங்கைத் தடவி, நோட்டில் ஏதோ எழுதினார். எனக்கு ரத்தம் கொதித்தது.

"யோசிச்சுச் சொல்லவா?" என்றார்.

"டெல்மர்," என்றேன், "சனிக்கிழமை பத்து மணி."

மாட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாதை விளிம்புக்கு விளிம்பு மட்டமாகிவிட்டது.

சனிக்கிழமை பத்துக்கு ஐலீனின் பழைய சிறிய கார் மேட்டில் ஏறியது. முன்சீட்டில் நோரீன், மடியில் மூடியில்லாத காபிக் கோப்பை, கண் பாதையில் இல்லை, கோப்பையில். வாசலில் நின்றது. கதவைத் திறந்து கோப்பையை டெல்மரிடம் நீட்டினாள். ஒரு சொட்டு சிந்தியிருக்கவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. குனிந்து அவள் காலை மெதுவாகத் தரைக்கு எடுத்து வைத்தார்.

"பரவாயில்ல டெல்மர்," என்றாள். அவள் அகராதியில் இது பெரிய பட்டம்.

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி போடணும் உனக்கு. இரும்பா மரமான்னு மட்டும் இன்னும் முடிவு—"

நோரீன் அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, காரைவிட்டு இறங்காமலேயே, ஐலீனிடம் கொடுத்தாள். "பூனைகளுக்கு விரிக்க வச்சுக்கோ."