பாத்ரூம் டைல்ஸுக்கு ஒரு இலவச வைப்பர்

மலாக்கா ஆயர் குரோவுல இருக்கிற எங்க வீட்ல பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் போட்டு ஒரு வாரம்தான் ஆகுது. குளிச்சா தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம நேரா அடுப்படிக்கு வருது.

போன் மேல போன் போட்டு, இன்னிக்குத்தான் கான்ட்ராக்டர் அண்ணன் வந்தாரு.

அவரே ஒரு வாளி தண்ணி ஊத்திப் பார்த்தாரு. அவர் காலை நனைச்சுட்டு அது அடுப்படிக்குப் போச்சு.

"சாய்வு கொஞ்சம் மாறிப்போச்சு தங்கச்சி. உடைச்சா இன்னும் செலவு லா"ன்னு சொல்லிட்டு வேனுக்குப் போனாரு. சாமான் எடுக்கத்தான் போறாருன்னு நம்பி, பாலில்லாத தே ஓ டீ கலக்கி வச்சேன்.

தரைத் தண்ணி தள்ளுற நீலக் கைப்பிடி வைப்பரோட வந்தாரு.

"குளிச்சதும் ஒரு தள்ளு தள்ளிவிடுங்க. காசு வேணாம்."

சண்டை போடக்கூட தெம்பில்ல. வழியனுப்ப வாசலுக்குப் போனா, வேன் பின்னாடி அதே நீல வைப்பர் ஒரு கட்டு கிடக்குது.

மலாக்காவுல நீல வைப்பர் வீட்டுக்காரங்க எல்லாம் கமெண்ட்ல கை தூக்குங்க.