ஐந்தாம் குழிக்குப் போகும் வழியில் ஒரு ரம்புத்தான்

புல்லை வளர்க்க ஓர் ஆள், வளர்ந்ததை வெட்ட ஓர் ஆள் என்று உலகத்தில் எங்கேயும் இருக்கலாம்; இரண்டுக்கும் ஒரே ஆளை வைத்து, வளர்ந்தாலும் வளராவிட்டாலும் அவனையே திட்டுகிற தொழில் கோல்ப் திடலில்தான் உண்டு. மலாக்காவுக்கு வெளியே ஒன்பது குழி வைத்த ஒரு திடலில் நான் மண்டோராக இருந்தேன். அதாவது புல் வெட்டுகிற பத்துப் பேருக்கு மேஸ்திரி. காஜா பெராங்கிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். மேலே இருப்பவர் கத்துவதையெல்லாம் விழுங்கிக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் நம்ம ஆள்.

ஜப்பான்காரன் போன கையோடு அந்த இடத்தைப் பார்த்திருந்தால் உலகமே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பீர்கள். கிளப் கட்டடத்துக்குப் பாதிக் கூரை இல்லை. மூன்றாம் குழிக்குப் போகும் வழியில் குண்டு விழுந்த பள்ளம் இரண்டு, அவற்றில் தண்ணீரும் தவளையும். துருப்பிடித்த முள்கம்பி சுருண்டு சுருண்டு கிடந்தது. ஊரில் அரிசிக்கே வரிசையில் நின்ற அந்த நாளில், திரும்பி வந்த துரைமார்கள் முதல் காரியமாகக் கோல்ப் ஆட வேண்டும் என்றார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வேலையும் வந்தது.

முளைத்துக்கொண்டே இருந்த மரவள்ளி

ஜப்பான் காலத்தில் பசி தாங்காமல் ஊர்க்காரர்கள் திடல் முழுக்க மரவள்ளி போட்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பிடுங்கிவிட்டுப் புல் பதித்தோம். பிடுங்கினால் போய்விடுமா அது? மண்ணுக்குள் விரல் நீளத் துண்டு இருந்தால் போதும், மறுபடி தலையைக் காட்டும். முதல் போட்டி நாளன்று செக்ரட்டரி துரை கடைசிக் குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டினார். அது நேராக உருண்டு போய், குழியை ஒட்டி அன்று காலைதான் முளைத்திருந்த ஒரு மரவள்ளிக் குருத்தில் மோதி நின்றது.

ஓடிப்போய்க் குருத்தைப் பிடித்து இழுத்தேன். என் முழங்கை அளவுக் கிழங்கு கூடவே வந்தது. கிழங்கோடு குழியும் வந்துவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்துக் கிழங்கைத் தூர எறியப் போனேன். துரை என் கையைப் பிடித்தார். மனிதர் சண்டைக் காலம் முழுவதும் ஜப்பானியர் முகாமில் கைதியாக இருந்துவிட்டு எலும்பும் தோலுமாக வந்தவர். மலாயில் மெதுவாகச் சொன்னார்: “அதை எறியாதே, மண்டோர். மூன்று வருஷம் என்னை உயிரோடு வைத்திருந்தது அதுதான். வேகவைத்து என் அறைக்கு அனுப்பு.”

நாயகத்தின் மரம்

என் பத்து ஆட்களில் ஒருவர் நாயகம். கம்போங் செட்டிக்காரர். அந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்னே தமிழகத்திலிருந்து வந்து மலாக்காவோடு கலந்தவர்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். நாயகத்துக்கும் தமிழில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எங்கள் பேச்சு முழுக்க மலாய்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எல்லாரும் மரவள்ளி நட்டபோது அவருடைய அண்ணன் மட்டும், ஐந்தாம் குழிக்குப் போகும் வழியில் நட்ட நடுவே ஒரு ரம்புத்தான் கன்று வைத்தாராம். சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது பழம் ஒரு கேடா என்று ஊர் சிரித்ததாம். கொஞ்ச நாளில் அவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. எங்கே விழுந்தார், யார் புதைத்தார்கள், ஒரு தகவலும் இல்லை. வீட்டில் ஒரு போட்டோ கூட கிடையாது. அந்த மனிதர் விட்டுப்போனது என்று இருந்தது ஆள் உயர ரம்புத்தான் ஒன்றுதான்.

பந்து போகிற பாதையில் மரம் நின்றால் வெட்டத்தானே வேண்டும்? நான் நாயகத்தைத் துரையிடம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னேன். துரை பைப்போடு எங்கள்கூட மரத்தடிக்கு வந்து பார்த்தார். பிறகு, தான் இருக்கும்வரை அதில் யாரும் கை வைக்கக்கூடாது, பந்து பட்டால் பட்டவர் இன்னொரு தரம் அடித்துக்கொள்ளலாம் என்று பலகையில் எழுதி மாட்டச் சொன்னார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். நாயகம் சிரிக்கவில்லை. துரையைக் காட்டி அவர் என்னிடம் கேட்டது இதுதான்: “துவான் ஊருக்குப் போயிட்டா அப்புறம் யாரு லா பார்ப்பா?”

துப்பாக்கிக்காரர்

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் எஸ்டேட் துரைமாரைச் சுட ஆரம்பித்தார்கள், அவசரகாலம் வந்தது. எஸ்டேட் துரைமார் இரும்புத் தகடு அடித்த காரில் கோல்ப் ஆட வந்தார்கள். ஒரு துரைக்குக் காவலாக எஸ்டேட்டிலிருந்து ஒரு தமிழர் வருவார். காக்கி உடுப்பு, தோளில் துப்பாக்கி. துரை கோலை ஓங்கும்போதெல்லாம் இவர் புதரைப் பார்த்துத் துப்பாக்கியைத் தூக்குவார். துரையின் பந்து ஒரு நாளும் நேராகப் போனதில்லை. முதல் வாரமே நம்மவர் காதோரமாக விர்ரென்று போயிற்று.

அதிலிருந்து ஐந்தாம் குழி வந்தாலே அவர் ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பழக் காலமானால் காவலும் ஆச்சு, சாப்பாடும் ஆச்சு. நாயகம் முதலில் முறைத்தார். அப்புறம் நல்ல கொத்தாகப் பார்த்து அவரே பறித்துக் கொடுக்க ஆரம்பித்தார். கம்யூனிஸ்டுக்குப் பயந்து ஒளிகிறீர்களா என்று ஒரு நாள் சும்மா சீண்டினேன். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தோலை உரித்தபடி சொன்னார்: “புதருக்குள்ள இருக்கிறவன் என்னைக் குறி வெச்சுத்தாண்ணே சுடுவான். இவரு பந்து எந்தப் பக்கம் வரும்னு அவருக்கே தெரியாதே.”

புதுத் தலைவர்

மெர்டேக்கா வந்தது, அதாவது சுதந்திரம். பாடாங் மைதானத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் தொண்டை வற்றக் கத்தினேன். சில மாதத்தில் செக்ரட்டரி துரை கப்பல் ஏறினார். போகும்போது எங்கள் பத்துப் பேர் கையையும் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அழுகை வந்ததை ஒளிப்பானேன்.

புதுத் தலைவர் லிம் தவுக்கே, சீன முதலாளி, ரப்பர் வியாபாரி. நல்ல மனிதர்தான். ஆனால் இருபது வருஷம் கிளப் வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே விடமாட்டார்களா என்று பார்த்தவர். உள்ளே வந்ததும், வெள்ளைக்காரன் வைத்திருந்ததைவிட வெள்ளைக்காரத்தனமாக வைக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டார். எங்களுக்கு வெள்ளைத் தொப்பி வந்தது. ஆடுகிறவர்களுக்கு நாலு மணித் தேநீர் வந்தது, வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டே குடித்தார்கள். சண்டைக்கு முந்திய திடலின் வரைபடம் ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார்.

அதில் ரம்புத்தான் இல்லை. ஜூலையில் திறப்புப் போட்டி, அதற்குள் மரம் போக வேண்டும் என்று உத்தரவு. நான் விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். அண்ணன், சயாம் என்று நான் ஆரம்பிக்கும்போதே டெலிபோன் மணி அடித்தது. பேசி முடித்தவர் விரலால் வரைபடத்தைத் தட்டினார்: “மண்டோர், இதில் இல்லாத எதுவும் என் திடலில் இருக்கக்கூடாது.”

சனிக்கிழமை

மூன்று வாரம் சாக்குச் சொன்னேன். கோடரிப் பிடி உடைந்தது என்றேன், மழை என்றேன், செவ்வெறும்புக் கூடு என்றேன். எனக்கு ஐந்து பிள்ளைகள், அதற்கு மேல் முடியவில்லை. போட்டிக்கு முந்திய நாள் காலை நாயகத்திடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழக் காலத்தில் செட்டி வீடுகளில் செத்தவர்களுக்குப் பழமும் பலகாரமும் படைப்பார்கள்; பர்ச்சு என்பார்கள். இந்தத் தடவை அண்ணனுக்கு இலையை மரத்தடியிலேயே போட்டுவிடுகிறேன், அதன்பிறகு நானே வெட்டுகிறேன், வேறு யாரும் வெட்டவேண்டாம் என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மனைவியோடு வந்தார். அவருக்கு வெள்ளைச் சட்டை, சாரோங். அந்த அம்மாவுக்குக் கெபாயா. வாழையிலை விரித்து நாசி லெமாக், சம்பல், கறுப்புக் காப்பி, அந்த மரத்துப் பழமே ஒரு கொத்து. சாம்பிராணி போட்டார்கள். செத்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று மூவரும் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றோம். என் கையில் கோடரி. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தவுக்கே தனியாக அடித்துப் பழகிக்கொண்டு வந்தார். பந்து கிளையில் பட்டு, இலைக்கு ஓரமாக, காப்பிக் கோப்பையை ஒட்டி விழுந்தது. கோலோடு வேகமாக வந்தவர் புகையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், நின்றுவிட்டார். யாருக்கு என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “என் அபாங். சயாமுக்குப் போனான், வரவே இல்லை,” என்று அண்ணனைச் சொன்னார் நாயகம்.

தவுக்கே தொப்பியைக் கழற்றினார். பந்தை எடுக்கவில்லை. அவர் கோலைத் தரையில் வைப்பதை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் யார் கையிலாவது கொடுப்பார். தன் தம்பியை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போனான், எந்தப் பக்கம் போனது என்றுகூட யாருக்கும் தெரியாது, வருஷா வருஷம் எந்தத் திசையைப் பார்த்து ஊதுபத்தி ஏற்றுவது என்று அம்மா கேட்பாள் என்றார். கோடரியை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் அதைப் பார்க்கவும் இல்லை. நாயகத்தின் பக்கம் திரும்பி, கடன் கேட்கிறவர் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அடுத்த வருஷம் இங்கே என் தம்பிக்கும் ஓர் இலை போட்டுக்கொள்ளலாமா?”

பதினாறு வருஷ உத்தியோகத்தில் நான் வெட்டித் தள்ளிய புல்லுக்கு அளவே இல்லை, ஆனால் உருப்படியாகச் செய்த வேலை என்று என்னைக் கேட்டால், அந்த மூன்று வாரம் வேலை செய்யாமல் இருந்ததைத்தான் சொல்வேன்.