வாப்பா யாருடைய மாதம்

கொழும்பில் கடை வைத்துச் சம்பாதித்ததையெல்லாம் ஊர் வழக்கப்படி இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு வீடாகக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனக்கென ஓர் அறைகூட வைத்துக்கொள்ளாத மனிதர் சதக். மனைவி மவுத்தான பிறகு, ஒரு மாதம் மூத்தவள் உம்மு ஹபீபா வீடு, மறுமாதம் இளையவள் லத்தீபா வீடு. இரவல் பாத்திரம் மாதிரி கைமாறிக்கொண்டிருந்தார்.

புயல் வந்தால் இந்தப் பெருங்குடும்பம் எங்கே ஒன்றுகூடுவது என்று துபாயிலிருந்து மகன் காஜா நவாஸ் வீடியோ காலில் திட்டம் போட்டான். எல்லாரும் உச்சிப்புளி கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். யார் காரில் யார், நகைப்பெட்டி யார் கையில், எல்லாம் முடிவானது.

"வாப்பாவ?" என்றாள் லத்தீபா.

"யாரு மாசமோ அவங்க கூட்டியாரணும்."

நகைப்பெட்டிக்கு அப்புறம்தான் தன் பேச்சு வந்தது என்பதைச் சதக் கவனித்தார். பெரிய மந்திரிசபை கூடிவிட்டது என்று மனசுக்குள் காறித் துப்பினார்.

அந்த மந்திரிசபைக்கு ஒன்று உறைக்கவில்லை. உம்மு ஹபீபா வீட்டில் ஊர் ஜமாஅத் அறிவிக்கும் பிறைதான் மாதக் கணக்கு. லத்தீபாவின் கணவரோ சவூதிப் பிறைக்காரர். அவருக்கு ஒரு நாள் முன்னாலேயே மாதம் பிறந்துவிடும். புயல் எச்சரிக்கை வந்த அன்று இளையவளுக்கு முறை முடிந்துவிட்டது. மூத்தவளுக்கு இன்னும் தொடங்கவில்லை.

அன்று காலையில் லத்தீபா அவரை ஆட்டோவில் ஏற்றி அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மண்டபத்துக்குக் கிளம்பினாள். ஆட்டோ போன பிறகுதான் கதவில் பூட்டு தொங்குவதைச் சதக் பார்த்தார். மூத்தவள் முன்னமே போயிருந்தாள். படியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் போன் அடித்தது. மகன் எல்லாரையும் ஒரே போன் காலில் இழுத்திருந்தான்.

"ஊர்ப் பிறைக்கு இன்னைக்கும் ஒன் மாசந்தான்டி," என்றாள் மூத்தவள்.

"எங்களுக்கு நேத்தே பிறை தெரிஞ்சிருச்சு ராத்தா."

வாப்பா எங்கே இருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இதுகளுக்கா வீடு கட்டினோம் என்று நினைத்தபடி அவர் போனை அணைத்துவிட்டார். மழை இறங்கிவிட்டது.

அந்த வழியாக வந்த மீன் வியாபாரி தனுஷ்கோடி என்பவர் அவரைத் தன் வண்டியில் ஏற்றி, பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த புயல் முகாமில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தேடி அலைந்த மகள்கள் இருவரும் சாயங்காலம் முகாம் வாசலில் நின்று அழுதார்கள். கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "அய்யா, ஒங்க புள்ளைகளா?"

சதக் இருவரையும் நன்றாகப் பார்த்தார்.

"எனக்குப் புள்ளைக இல்லம்மா," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.