யாரும் முன்மொழியாத ஆம்புலன்ஸ்

ஆர்டித் வோன்ட்ரா கவுண்டி மன்றத் தேர்தலில் ஒரே ஒரு வாக்குறுதிதான் கொடுத்தாள். ஹாக்லி ஆம்புலன்ஸ் கொட்டகையை மூடவிட மாட்டேன் என்றாள், அவ்வளவுதான். சாலை போடுகிறேன், வரியைக் குறைக்கிறேன் என்று ஏதாவது சொல்லியிருந்தால் ஹாக்லி ஆட்கள் அவள் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளை முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனவள் அவள். எந்தச் சாலையில் எங்கே பள்ளம் என்று அவளுக்கும் தெரியும். அது அடைபடாது என்று அவர்களுக்கும் தெரியும்.

ஹாக்லி என்பது வெல்டன் கவுண்டியின், அதாவது அந்தச் சின்ன மாவட்டத்தின், வடக்கு ஓரம். கவுண்டி அலுவலகமும் ஆஸ்பத்திரியும் இருக்கிற பெல் என்கிற ஊர் தெற்கு ஓரம். நடுவில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினாலும் புல்லும் வேலிக்கம்பியும் மாடும்தான். இங்கே ஒருவனுக்கு நெஞ்சு அடைத்தால் அவன் எந்த ஓரத்தில் விழுகிறான் என்பதில்தான் எல்லாம் இருந்தது. வடக்கே விழுந்தவர்களுக்கு என்று இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பழைய வண்டி. அதை ஓட்டவும், உள்ளே ஏறி ஆளைப் பார்க்கவும் பயிற்சி எடுத்த இரண்டு பேர். அதில் ஒருத்தி ட்வைலா ரூஸ்ட், பகலில் தானியக் கிடங்கில் எடை போடுகிறவள்.

ஆர்டித்தின் புருஷன் ஜீன் அந்த வண்டியில்தான் இறந்தான். வைக்கோல் கட்டும்போது டிராக்டர் பக்கத்தில் சுருண்டு விழுந்துவிட்டான். ட்வைலாவால் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் வழி முழுக்க அவன் கையை விடாமல், கன்றுக்குட்டி விலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போனாள். ஜீன் தனியாகச் சாகவில்லை. ஆர்டித்துக்கு அது போதவில்லைதான், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி எழுந்து நின்றாள். அடுத்த வருஷம் தேர்தலில் நின்றதும் அதற்காகத்தான்.

ஜெயித்த பிறகுதான் மன்ற மேசையின் விசித்திரம் அவளுக்குப் புரிந்தது.

மன்றத்தில் மொத்தமே மூன்று உறுப்பினர்கள். மூன்றில் இரண்டு பேர் சேர்ந்தால் பெரும்பான்மை. பெரும்பான்மை கூடினால் சட்டப்படி அது ஒரு கூட்டம். கூட்டம் என்றால் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டி, கதவைத் திறந்துவைத்து, ஜனங்களுக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். ஆகவே எந்த இரண்டு உறுப்பினரும் கவுண்டி சமாச்சாரத்தை வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. காப்பிக் கடையில் கூடாது, கால்நடைச் சந்தையில் கூடாது, சர்ச்சில்கூடக் கூடாது. இவர்களுக்கு முன்னால் உறுப்பினர்களாக இருந்த இரண்டு பேர் சரளை லோடு பற்றிக் காப்பிக் கடையில் பேசப் போய், பத்திரிகையில் வந்து, வழக்காகி, கடைசியில் பதவியை விட்டே போனார்கள். கவுண்டி வக்கீல் அந்தக் கதையைப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்வார்.

ஆர்டித்துக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் இரண்டாவது உறுப்பினர் டெல்மர் கூசெரா அவள் தங்கை ஜானிஸின் புருஷன். ஆர்டித்தும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஜீன் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில்தான்.

"என் மேசையில கவுண்டி பேச்சு எடுத்தீங்கன்னா ரெண்டு பேரையும் தட்டோட வெளிய அனுப்பிருவேன்," என்றாள் ஜானிஸ், முதல் ஞாயிறே.

"எடுக்க மாட்டோம்மா. எடுத்தா ஜெயிலு," என்றான் டெல்மர்.

"ஜெயிலுக்கும் நாங்கதானே பட்ஜெட் போடணும்," என்றாள் ஆர்டித்.

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டா," என்றான் டெல்மர் ஜானிஸிடம்.

சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு நிஜமாகவே பேசவில்லை. மழை, ஆலங்கட்டி, சினை மாடு, பேரன்கள் ஆடும் கால்பந்து என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். காப்பிக் கடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் மற்றவர் காப்பியை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விடுவார். "விவாகரத்தான ஜோடி வந்துருச்சு டோய்," என்று கடையில் இருக்கிறவர்கள் கேலி செய்வார்கள். நாற்பது வருஷம் ஒருவர் மனசை ஒருவர் படித்துப் பழகியவர்களுக்கு இப்போது மற்றவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஒரே இடம் அந்த மேசைதான்.

ஆகஸ்டில் பட்ஜெட்டுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. தலைவர் பர்டெட் ஹைன் கெட்டவர் இல்லை. கணக்குத் தெரிந்த மனிதர், அவ்வளவுதான். சட்டம் விடுகிற உச்சம் வரைக்கும் வரி ஏற்கெனவே ஏறியிருந்தது. பாலம் ஒன்று விழுகிற நிலையில் இருந்தது. வடக்கு ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு பெல் வண்டியையே முழுக் கவுண்டிக்கும் ஓடவிடலாம் என்பது அவர் யோசனை. ஹாக்லி ஆட்கள் மடக்கு நாற்காலி போதாமல் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம். பர்டெட் அதற்கென்று சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைப்பார்.

லீலண்ட் ப்ரூசா எழுந்தார். ஆர்டித்தின் அடுத்த பண்ணைக்காரர், எழுபதைத் தாண்டியவர், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு மூணு நிமிஷம் குடுத்திருக்கீங்க, பர்டெட். நெஞ்சு நின்னுபோச்சுன்னா ஆளுக்கு இதவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும்னு ட்வைலா சொன்னா. அதனால நீங்க கஞ்சம்னு சொல்ல மாட்டேன். ஆனா பெல்லுல இருந்து உங்க வண்டி வர்றதுக்குள்ள நான் செத்து, குளிப்பாட்டி, நோரீன் எனக்குச் சட்டையும் போட்டு விட்டிருப்பா."

அரங்கு சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நோரீன் சிரிக்கவில்லை. "அந்தச் சட்டைக்கு முதல்ல பட்டன் தைக்கணும்," என்று முணுமுணுத்தாள்.

"ரோட்டுல சரளை போடாம விட்டா உங்க ஆம்புலன்ஸ் எதுல ஓடும், லீலண்ட்?" என்றார் பர்டெட், கோபமில்லாமல்.

பிறகு டெல்மர் ட்வைலா பக்கம் திரும்பினான். "போன வருஷம் வண்டி எத்தனை தடவ வெளிய போச்சு?"

அவள் சொன்னாள். கேட்க ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருந்தது.

"அதுல எத்தனை உசிரு போற கேஸு?"

"போறதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும், டெல்மர்?"

அவன் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டான். இவனும் பர்டெட் பக்கம் போய்விட்டான் என்று ஆர்டித் தீர்மானித்துவிட்டாள். அதற்கப்புறம் வந்த இரண்டு ஞாயிறுகளில் மேசைக்கு எதிர்ப்பக்கம் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டுகிற அவன் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தாள். ஆலங்கட்டியைப் பற்றி மட்டும்தான் பேசினான்.

செப்டம்பரில் ஓட்டெடுப்பு வந்தது. அந்த மேசைக்கு எழுதப்படாத மரியாதை ஒன்று உண்டு. யாருடைய பகுதி விஷயமோ அவர்தான் முன்மொழிய வேண்டும். அடுத்தவர் பகுதிக்கு வேறொருவர் முன்மொழிந்தால், கேட்காமல் பக்கத்துப் பண்ணைக் கேட்டைத் திறந்ததற்குச் சமம். எழுதிய விதி ஒன்றும் உண்டு. முன்மொழிந்து, வழிமொழிய ஆள் இல்லாமல் விழுந்த தீர்மானத்தை அடுத்த பட்ஜெட் வரை மறுபடி எடுக்க முடியாது.

"வடக்கு ஆம்புலன்ஸ் கோரிக்கை. தீர்மானம் ஏதாவது?" என்று பர்டெட் கேட்டார்.

எல்லோரும் ஆர்டித்தைப் பார்த்தார்கள். டெல்மரும் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளால் ஒன்றும் படிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் வழிமொழிய ஆள் இல்லாமல் தீர்மானம் இன்றைக்கே செத்துவிடும், திறக்காமல் இருந்தால் குளிர்காலத்தில் கவுண்டியின் கையிருப்புப் பணத்தைக் காட்டி மறுபடி கேட்கலாம் என்று கணக்குப் போட்டாள். பஸ் ஓட்டுகிறவள் பனியில் பிரேக் போடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மெதுவாக்குவாள் இல்லையா, அப்படித்தான் அவளுக்கு அது தோன்றியது. லீலண்ட் முன்வரிசையில் இருந்தார். அவர் பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

மேசையில் யாரும் பேசவில்லை.

"சரி. அடுத்தது பாலம்," என்றார் பர்டெட்.

வாசலில் லீலண்ட் அவளை நிறுத்தினார். "என்ன ஆர்டித், தொண்ட கட்டிக்கிச்சா?"

"குளிர்காலத்துல பாத்துக்கலாம் லீலண்ட். எனக்கு ஒரு யோசனை இருக்கு."

"இருக்கட்டும் இருக்கட்டும்," என்று அவள் தோளைத் தட்டினார். அவளுக்கு அவர் திட்டியிருந்தாலே தேவலை போலிருந்தது.

தீர்மானம் இல்லாததால் பட்ஜெட்டில் பணம் நின்றது, அதோடு இன்சூரன்ஸும் நின்றது. இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை வைத்திருக்கக் கூடாது என்று நவம்பரில் அதை வேறொரு கவுண்டிக்கு விற்றார்கள். ஆர்டித் மட்டும் வேண்டாம் என்று கை தூக்கினாள். டெல்மர் தூக்கவில்லை. அவன் பர்டெட் பக்கம்தான், சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்து, குளிர்காலத் தீர்மானத்தையும் தள்ளிப்போட்டாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, வானம் தகரம் மாதிரி இருந்தது. மாடுகளுக்கு வைக்கோல் போடப்போன லீலண்ட் தொட்டிப் பக்கத்தில் விழுந்தார். நோரீன் முதலில் அவசர எண்ணுக்கும், அடுத்து ஆர்டித்துக்கும் போன் செய்தாள். ஆர்டித் வீட்டுச் செருப்போடு பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் வேலைக்காக வருஷா வருஷம் கற்றுக்கொடுத்ததுதான், நெஞ்சை எப்படி அழுத்துவது என்று அவளுக்குத் தெரியும். மண்டி போட்டு அழுத்தினாள். மாடுகள் தள்ளிப் போகாமல் சுற்றி நின்று பார்த்தன. நோரீன் கேட்டடியில் போய் நின்றாள், வண்டிக்கு வழி காட்ட. வழி காட்ட வண்டி வரவேண்டுமே. ஆர்டித் அழுத்தினாள். கை மரத்து, தோள் எரிந்து, மூச்சு இரைத்து, "இரு லீலண்ட், இரு," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். ஒருமுறை நிறுத்திவிட்டுத் தன் கையை அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். பெல் வண்டி வந்து இறங்கியவர்கள் அவளைப் பிடித்துத் தூக்கித்தான் விலக்க வேண்டியிருந்தது.

அடக்கத்துக்குப் பிறகு சர்ச் அடித்தளத்தில் சாப்பாடு நடந்தது. பன்றித்தொடை சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், பெரிய பானையில் காப்பி. ஆர்டித் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். டெல்மர் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். நாலைந்து கோப்பையைத் துடைத்து அடுக்கினான்.

"ஏன் முன்மொழியல, ஆர்டித்?"

"டெல்மர், இது..."

"தெரியும். சட்டம். ஏன் முன்மொழியல?"

"வழிமொழிய ஆள் எங்க இருந்துச்சு?"

அவன் கையில் கோப்பை அப்படியே நின்றது. "நான் உன்னையேதான பாத்துக்கிட்டு இருந்தேன்."

"நீ ட்வைலாவ அப்படி குறுக்கக் கேள்வி கேட்டியே."

"பதிவுல ஏறட்டும்னு கேட்டேன். பின்னாடி பர்டெட் எண்ணிக்கைய மாத்திச் சொல்லிரக் கூடாதுன்னு. நீ வாயத் திறந்திருந்தா அந்த நிமிஷமே வழிமொழிஞ்சிருப்பேன். நீ பேசல. சரி, உன் ஊரு, உனக்குத்தான் தெரியும், நீயே விட்டுட்டன்னு நெனச்சேன்."

"வண்டிய விக்கறப்ப நான் கை தூக்கினேனே."

"ஊர் பாக்குதேன்னு நீ பேருக்குத் தூக்கறன்னு நெனச்சேன்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவளும் அவனும் எத்தனை ஞாயிறு, ஒரே ரொட்டிக் கூடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

பர்டெட் காலிக் கோப்பையோடு கதவில் வந்து நின்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். பெரும்பான்மை கூடியிருக்கிறது. "காப்பிக்குத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, ஊற்றிக்கொள்ளாமலே திரும்பிப் போனார்.

விழாத தீர்மானத்தை எப்போதும் எடுக்கலாம், அவள் கணக்கு அந்த மட்டில் சரிதான். அடுத்த கூட்டத்தில் கையிருப்பிலிருந்து பணம் எடுத்துக் கொட்டகையைத் திறக்க வேண்டும், பழைய வண்டி ஒன்று வாங்க வேண்டும் என்று முன்மொழிந்தாள். அவள் முடிக்கும் முன்னே டெல்மர் வழிமொழிந்தான். பர்டெட்டும் ஆமாம் என்றார். ஒரு கேள்விகூட வரவில்லை. மடக்கு நாற்காலிகள் முழுக்கக் காலி.

மறுநாள் விடிந்ததும் ட்வைலா வீட்டுக்குப் போனாள். வாசலில் வாடகை டிரக் ஒன்று நின்றது. ட்வைலா சலவை இயந்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிருச்சு, ட்வைலா. மூணு பேரும் சரின்னுட்டோம்."

"கேள்விப்பட்டேன்."

"வண்டியும் வாங்கறோம்."

"நல்லது. யாரு ஏறுவா?"

ஆர்டித் டிரக்கில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"நகரத்து ஆஸ்பத்திரில வேல கிடைச்சிருச்சு. திங்கட்கிழம சேரணும். கூட ஓட்டினவரு கிறிஸ்மஸுக்கே மக வீட்டுக்குப் போயிட்டாரு, வரமாட்டேன்னுட்டாரு." ட்வைலா முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "செப்டம்பர்ல ஓட்டெடுப்பு அன்னிக்கு நீங்க பேசுவீங்கன்னு நான் கிடங்குல லீவு போட்டுட்டு வந்தேன், ஆர்டித். உங்க மேல கோவம் இல்ல. ஆனா அன்னிக்கு வெளிய வந்து வண்டில ஒக்காந்தப்பவே மனசுல வீட்டக் காலி பண்ணிட்டேன்."

"புது ஆளு வர்ற வரைக்குமாவது... ஒரு மாசம்?"

"யாரு வரப்போறா?"

ட்வைலா இயந்திரத்தின் ஒரு பக்கம் குனிந்தாள். "இத ஏத்தத் தனியா முடியல. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

ஆர்டித் கோட்டைக் கழற்றி வேலிமேல் போட்டாள். தோள் இன்னும் வலித்தது. குனிந்து, அடியில் கை கொடுத்து, தூக்கினாள்.