நங்கூரமாய்ப் போன நாற்காலி

சலூன்காரருக்கு அவர் கடை வைத்திருந்த தெருவில் ‘வளர்ந்துடும்’ என்றுதான் பெயர். ஒரு பக்கக் கிருதாவை ஏற்றி, மறுபக்கத்தை இறக்கி வைத்துவிடுவார். வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்து முகம் வெளுத்துப்போவார். இவரோ துண்டை உதறிக்கொண்டே, “ஒண்ணும் ஆகல, வளர்ந்துடும்” என்பார். கல்யாணத்துக்கு முதல் நாள் ஒரு மாப்பிள்ளையின் மீசையில் பாதியைக் காணாமல் அடித்தபோதும் இதையேதான் சொன்னார். கழுத்தில் கத்தி இருக்கும்போது எவன் எதிர்த்துப் பேசுவான்? மீறி வாயைத் திறந்தால், “ஆடாம உக்காருங்க!” என்று ஓர் அதட்டல். இப்படியே, ‘என் மேலதான் தப்பு’ என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் மனிதர் அறுபதைத் தாண்டிவிட்டார்.

அவர் மனைவி அம்மாள் நேரெதிர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எவனோ தாமதமாக்கிய வண்டிக்கெல்லாம் நாள் முழுக்கத் தேன் தடவிய குரலில் வருத்தம் தெரிவிப்பதுதான் அவள் வேலை. ஓய்வு பெற்ற அன்று, பரிசாகக் கொடுக்க வந்த சுவர்க் கடிகாரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அத்தனை காலம் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கேட்டு வாங்கி வந்தாள். கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலி. அதன் சாய்மானம் அவள் முதுகுக்கென்றே வளைந்து கொடுத்திருந்தது.

வாடிக்கையாளர் ஒருவர் கடல் ஒத்துக்கொள்ளாமல், வாந்தி எடுத்தே பாதியாக இளைத்து, தன் பாய்மரப் படகை வந்த விலைக்குத் தலையைச் சுற்றி எறிந்தபோது, அது சலூன்காரர் மடியில் வந்து விழுந்தது.

“கரையோரமாவே போவோம்மா. துறை துறையா எறங்குவோம். கப்பல்காரனுக்கும் தலையில முடி வளராமலா இருக்கும்? நம்ம பாடு ஓடிடும்” என்று கண்கள் மின்ன மனைவியிடம் சொன்னார்.

“நாற்காலி வந்தா நான் வரேன்” என்றாள் அம்மாள். வேறு எந்த நிபந்தனையும் போடவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெயில் காயும் கடல், தென்னந்தோப்புகள், அடியில் கிடக்கும் மணல் தெரிகிற தண்ணீர். பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டிய நாற்காலியில் அம்மாள் சாய்ந்து உட்கார்ந்து தேநீர் குடிப்பாள். சலூன்காரர் சுக்கானைப் பிடித்தபடி உலக விஷயம் அத்தனையும் பேசுவார். துறைகளில் அவரிடம் முடி வெட்டிக்கொண்ட மாலுமிகள் யாரும் மறுபடி அவர் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனாலும் பிழைப்பு ஓடியது.

அப்புறம்தான் அந்தக் காற்று வந்தது. சிறிய வளைகுடா ஒன்றில் படகை நிறுத்தியிருந்தார்கள். நங்கூரம் பிடிக்காமல் இழுபட, படகு பாறையைப் பார்த்து நகர்ந்தது. அம்மாள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சலூன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கனமாக என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். நாற்காலி இருந்தது. அவிழ்த்து, கயிற்றில் கட்டி, இரண்டாவது நங்கூரமாகத் தூக்கிக் கடலில் எறிந்தார்.

அதையாவது ஒழுங்காகக் கட்டினாரா? அவர் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு முடிச்சு. முடிவெட்டும்போது கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டுவாரே, அதே முடிச்சு. லேசாக இழுத்தால் போதும், தானாக அவிழ்ந்துகொள்ளும். கடல் லேசாக இழுத்தது. கயிறு மட்டும் மிதந்து வந்தது. முதல் நங்கூரமோ, இதற்காகவே காத்திருந்த மாதிரி, அடுத்த நிமிஷம் தானாகவே எதிலோ மாட்டிப் படகை நிறுத்தியது.

தூங்கி எழுந்து வந்த அம்மாள் பாய்மரத்தடியைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், கணவர் முகத்தைப் பார்த்தாள். அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனிதர் பழக்கதோஷத்தில், “ஒண்ணும் ஆகல...” என்று ஆரம்பித்தார்.

அம்மாள் விடுவிடென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு பேச்சு நின்றது. ஆனால் அறிவிப்பு நிற்கவில்லை. உள்ளே ஒரு வயர்லெஸ் இருந்தது, சுக்கானருகே கையடக்கமாக இன்னொன்று. காற்று ஓய்ந்து படகு கிளம்பிய பின், மதியம் அது கரகரத்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சுக்கான் பிடித்திருக்கும் நபரின் சாப்பாடு கதவருகே வைக்கப்பட்டுள்ளது. தட்டைக் கழுவி வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

அவள் பேசிய சேனலைத்தான் அந்தக் கரையில் இருந்த அத்தனை படகுகளும் திறந்து வைத்திருந்தன.

“அக்கா, இது ஆபத்துக்குக் கூப்புடுற சேனல்” என்று துறைமுக அலுவலகத்து ஆள் பணிவாகக் குறுக்கிட்டார்.

“அவருக்கு ஆபத்துதான் தம்பி” என்றாள் அம்மாள். யாரோ ஒரு மீன்பிடிப் படகுக்காரர் வயர்லெஸ்ஸை அணைக்க மறந்து சிரிப்பது கேட்டது.

சலூன்காரர் அசரவில்லை. ஒரு பொழுது போனால் கோபம் தணிந்துவிடும் என்று நினைத்தார். மறுநாள் காலை துறைமுகம் கண்ணுக்குத் தெரிந்தபோது வயர்லெஸ் மறுபடி கரகரத்தது.

“துறைமுக அலுவலகம், கேட்குதா? அங்கேருந்து என் தங்கச்சி ஊருக்கு பஸ் இருக்கா?”

சலூன்காரர் சுக்கானை விட்டுவிட்டு ஓடினார். கதவிடுக்கில் பார்த்தார். பெட்டி கட்டித் தயாராக இருந்தது. இவ்வளவு பெரிய கடலில் யாரிடம் பேசிக்கொண்டு போவது? பேச்சை விடுங்கள், ‘ம்’ கொட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்? பயந்துபோனார்.

“ஏம்மா, ஒரு நாற்காலிக்காகவா?” என்று கதவைத் தட்டினார்.

பதில் வயர்லெஸ்ஸில்தான் வந்தது. இந்தத் தடவை அறிவிப்புக் குரல் இல்லை. “நாற்காலி போனா போகட்டுங்க. யார் யாரோ லேட்டாக்கின வண்டிக்கெல்லாம் காலம் பூரா நான் வருத்தம் தெரிவிச்சேன். நீங்க பண்ணினதுக்கு உங்க வாயால ஒரு வார்த்தை வராதா?”

சலூன்காரர் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். மீசை போன மாப்பிள்ளை உட்பட எத்தனையோ முகங்கள் கண்முன் வந்துபோயின. தொண்டையைச் செருமினார்.

“பயணிகளின்... கனிவான கவனத்துக்கு” என்று திக்கினார். “என் பொண்டாட்டி நாற்காலிய நான்தான் கடல்ல போட்டேன். கேக்காம போட்டேன். அது இனிமே வளராது. தப்பு என் மேலதான். மன்னிச்சிடும்மா.”



“அறிவிப்புன்னா ரெண்டு தடவை சொல்லணும்” என்றாள் அம்மாள்.

“சொல்லிருங்கண்ணே, நாங்களும் சரியாக் கேக்கல!” என்றார் மீன்பிடிப் படகுக்காரர். சலூன்காரர் மறுபடியும் சொன்னார். இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

கதவு திறந்தது. பெட்டியை உள்ளேயே விட்டுவிட்டு, இரண்டு தம்ளர் தேநீரோடு அம்மாள் வெளியே வந்தாள். பாய்மரத்தடியில் நின்று, பழைய இடத்தைப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். சலூன்காரர் சுக்கானைக் கயிறு போட்டு நிறுத்தினார். அம்மாள் முடிச்சை இழுத்துப் பார்த்து, அதை அவிழ்த்துத் தானே கட்டினாள். அவர் தரையில் சம்மணம் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“வேற கெடைக்கிற வரைக்கும் இதுல சாஞ்சுக்கோ.”

அம்மாள் சாய்ந்தாள். பரவாயில்லாமல்தான் இருந்தது. தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

“பாரும்மா, இந்தத் துறைமுகத்துல...” என்று அவர் தொடங்க, முதுகு குலுங்கியது.

“ஆடாம உக்காருங்க” என்றாள் அம்மாள்.

சலூன்காரர் வாயை மூடிக்கொண்டு, துறைமுகம் வரும்வரை ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.